லாச்சப்பல் என்றொரு சொல்

யாழ்ப்பாணத்துக் கலியாண வீடுகளிலே அடிக்கடி காதில் விழும் ஊர்ப்பெயர் ஒன்று உண்டு. "சேலை எங்கை எடுத்தனியள்?" என்று ஒருத்தி கேட்பாள், "தங்கச்சி லாச்சப்பலிலை எடுத்து அனுப்பினவள்" என்று மற்றவள் சொல்வாள். கேட்டவள் மேற்கொண்டு எதுவும் விசாரிப்பதில்லை. திருநெல்வேலி, சுன்னாகம், சாவகச்சேரி என்று அவள் மனத்தில் அடுக்கி வைத்திருக்கும் சந்தைகளின் வரிசையில் அந்தப் பெயரும் எப்போதோ வந்து அமர்ந்துவிட்டது. பாரிசு மாநகரைக் கண்ணாற் காணாதவர்கள், பிரெஞ்சு மொழியில் ஒரு சொல்லும் பயிலாதவர்கள், அந்நகரின் ஈபிள் கோபுரத்தைக் காட்டிலும் நெருக்கமாக அறிந்து வைத்திருக்கும் பெயர் இது, அங்குள்ள தமிழ்க் கடைத்தெருவின் பெயர்.

அக்காவின் மகன் பாரிசின் வடபுறத்தேயுள்ள லாக்கூர்நெவ் என்னும் புறநகரில் வசிக்கிறான். அவனிடம் போய் ஒரு மாதம் தங்கும் வாய்ப்பு வந்தபோது, உறவினர் பட்டியலோடு சொற்குறிப்பேடு ஒன்றையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். போய் இறங்கிய மறுநாட் காலையிலேயே, "மாமா, இண்டைக்கு லாச்சப்பலுக்குப் போவம், கோபுரமெல்லாம் ஆறுதலாப் பாப்பம்" என்றான். குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் அந்தச் சொல்லையே எழுதினேன். அன்றிலிருந்து அது என்னை எங்கெல்லாம் இழுத்துச் சென்றது என்பதைச் சொற்களை நேசிக்கும் உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒலியைப் பார்ப்போம். பிரெஞ்சுக்காரர் அதனை 'லா ஷபெல்' என்று இரு சொல்லாக, இடையிற் பகரத்தைக் கடுமை குன்றாமல் ஒலிக்கிறார்கள். ஷகரம் நம் வாயிற் சகரமாயிற்று, அதில் வியப்பில்லை. நுட்பம் பகரத்தில் இருக்கிறது. உயிரிடையே ஒற்றைப் பகரம் நின்றால் தமிழ் நாக்கு அதை மெலித்துவிடும். 'சபை' என்பதில் உள்ள பகரத்தை ஒருமுறை ஒலித்துப் பாருங்கள். மூலத்தின் வன்மை கெடக்கூடாது என்று எண்ணிய யாரோ ஒருவர், இலக்கணம் படித்தவராய் இருக்க வேண்டியதில்லை, அந்த எழுத்தை இரட்டித்துச் 'சப்ப' என்றார். ஈற்றிலிருந்த எகரம் அகரமானதற்கும் காரணம் உண்டு. கப்பல், பொங்கல், வற்றல், ஊஞ்சல் என்று அல்லில் முடியும் பெயர்கள் நமக்குக் கணக்கில. எல்லில் முடியும் நெடுஞ்சொற்களோ அரியன. வந்த விருந்தாளியை வீட்டிலுள்ள பாயில் இருத்துவதுபோல, வந்த சொல்லை நம்மிடமிருந்த ஈற்றில் இருத்தினோம். சப்பறம், சப்பாத்து, சப்பட்டை என்று 'சப்ப'வில் தொடங்கும் சொற்களும் யாழ்ப்பாணத்துக் காதுக்குப் பழகியவையே.

அடுத்து 'லா'வும் 'சப்ப'லும் புணர்ந்த அழகு. பலாவும் சுளையும் சேர்ந்தாற் பலாச்சுளை, நிலாவும் சோறும் சேர்ந்தால் நிலாச்சோறு. அவ்வாறே லாவும் சப்பலும் சேர்ந்து லாச்சப்பல். நெட்டுயிரின் பின் வல்லினம் மிக வேண்டுமென்று பாரிசுப் பனிக்குளிரில் எவரும் நூற்பா பார்த்துப் பேசவில்லை. விதி நாக்கிலேயே இருந்தது. 'லாசப்பல்' என்று ஒற்றின்றி எழுதுவாரும் உளர். பேசும்போது அவர்களும் ஒற்றை விடுவதில்லை.

மரபு நோக்கிற் பார்த்தால் லகரம் சொல்லுக்கு முதலாகாது. லங்கை இலங்கையானதுபோல இதுவும் 'இலாச்சப்பல்' ஆகியிருக்க வேண்டும். தொல்காப்பியர் இன்னும் கண்டிப்பானவர். அவர் கணக்கில் அகரத்தோடு கூடிய சகரமே மொழிக்கு முதலில் வராது. 'லா'வை முன்னே நிறுத்தியதனாற் சகரம் இடைக்குப் போய் அந்த ஒரு தடையிலிருந்து தப்பிக்கொண்டது. இகரத்தை மட்டும் நம்மவர் சேர்க்கவில்லை. ஓடி வந்த அவசரத்தில் விட்டுப்போனதாக இருக்கலாம்.

பிரெஞ்சில் 'லா' என்பது பெண்பாற் பெயருக்கு முன் நிற்கும் சுட்டு, பெயரின் பகுதியன்று. அதையும் சேர்த்து விழுங்கி ஒரே சொல்லாக்கிவிட்டோமே, இது பிழையன்றோ என்று கேட்பாருண்டு. பிழையன்று. மொழிகள் இப்படித்தான் உண்ணும். பிரெஞ்சு மொழியே தன் சுட்டைத் தானே விழுங்கியிருக்கிறது. கொடியொன்றின் பெயர் பழம்பிரெஞ்சில் 'இயேர்'. அதன்முன் நின்ற லகரம் ஒட்டிக்கொண்டதனால் இன்று அது 'லியேர்'. அண்மைச் சான்று வேண்டுமானால் லாக்கூர்நெவ்விலிருந்து நகருக்குள் வரும் புறநகர்ப் புகையிரதம் கடந்து செல்லும் சேன்தெனி சமவெளியைப் பாருங்கள். இடைக்காலத்தில் அங்கே புகழ்பெற்ற பெருஞ்சந்தை கூடியது. 'குறித்த நாள்' என்று பொருள்படும் இலத்தீன் சொல் 'எந்தி' என்று திரிந்து, சுட்டெழுத்தை உட்கொண்டு 'லாந்தி' என்றாகி, அதன்மேல் இன்னொரு சுட்டையும் பெற்றுச் சந்தைக்குப் பெயராயிற்று. ஒரு சந்தையின் பெயர் சுட்டை விழுங்கிய அதே வடபுறத்தில், சில நூற்றாண்டுகள் கழித்து, தமிழர் கூடும் சந்தையின் பெயரும் சுட்டை விழுங்கிற்று.

இனி வேருக்குப் போவோம். ஷபெல் என்றாற் சிற்றாலயம். பாரிசுக்கு வெளியே வடக்கே போகும் பெருவழியில் இருந்த ஒரு சிற்றாலயத்தாற் பெயர் பெற்ற ஊர்தான் லா ஷபெல். 1429 இல், ஆங்கிலேயர் பக்கம் இருந்த பாரிசைத் தாக்குமுன் ழான் தார்க் என்னும் வீரமங்கை வழிபட்டது இவ்வூர்க் கோயிலில்தான். 1860 வரை அது தனி ஊர். அவ்வாண்டிலேதான் பாரிசோடு இணைக்கப்பட்டது. இதுவரை வரலாறு. ஆயின் சிற்றாலயத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

நான்காம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சின் வடக்கேயுள்ள அமியேன் நகர வாயிலில், கடுங்குளிர் நாளொன்றில், மார்ட்டின் என்னும் உரோமப் போர்வீரன் ஆடையின்றி நடுங்கிய இரவலனைக் கண்டான். வாளை உருவித் தன் போர்வையை இரண்டாகப் பிளந்து பாதியை அவனுக்குக் கொடுத்தான் என்பது கதை. பின்னர் அவ்வீரன் துறவியாகி, தூர் நகர ஆயராகி, புனிதரானான். யாழ்ப்பாணத்திலும் அவர் பெயரால் ஒரு குருமடம் இருக்கிறது. அவர் போர்வையைப் பிராங்கு அரசர்கள் அருட்பொருளாகப் பேணினார்கள். போர்வை இலத்தீனிற் 'கப்பா'. சிறு போர்வை 'கப்பெல்லா'. அந்தச் சிறு போர்வையை வைத்த இடத்துக்கும் கப்பெல்லா என்றே பெயராயிற்று. காவலிருந்த குருமார் கப்பெல்லானி எனப்பட்டனர். பிறகு எந்தச் சிற்றாலயமானாலும் கப்பெல்லா. பிரெஞ்சு நாவிற் சொல்லின் முதற் ககரம் ஷகரமாய் நெகிழ, கப்பெல்லா ஷபெல் ஆயிற்று. ஆகவே லாச்சப்பலிற் சேலை எடுக்கும் பெண், சொல்லின் அடிவேரிற் பார்த்தால், ஒரு போர்வைக்குள் நின்று துணி தெரிகிறாள்.

இவ்விடத்தில் உங்கள் நெஞ்சு எங்கே ஓடும் என்பது எனக்குத் தெரியும். என் நெஞ்சும் அங்கேதான் ஓடியது. குளிரில் அகவியதாகக் கருதி மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் நமக்கு இருக்கிறான். முல்லைக்குத் தேர் ஈந்தவன் பாரி. பிரெஞ்சுக்காரரோ தங்கள் தலைநகரின் ஈற்றுச் சகரத்தை ஒலிப்பதில்லை. அவர்கள் வாயில் அது 'பாரி' என்றே கேட்கும்! பாரியின் நகரிலே பேகனின் போர்வை. முதன்முறை இது தோன்றியபோது புகையிரதத்துள் இருந்தபடியே சிரித்துவிட்டேன். எதிரே இருந்த மூதாட்டியும் காரணமறியாமற் கூடச் சிரித்தார்.

ஆயின் சொல்லை நேசிப்பவர் தம்மைக் காக்கவேண்டிய இடமும் இதுவே. ஒலி ஒத்தமையால் வேர் ஒத்துவிடாது. பாரிசின் பெயர் உரோமர் வருமுன் அங்கே வாழ்ந்த பரிசியர் என்னும் குடியினரால் வந்தது. உரோமர் அந்நகரை இலுத்தேசியா என்று அழைத்தும், குடியின் பெயரே நிலைத்தது. சென்னையின் பாரிமுனையிலும் வள்ளல் பாரி இல்லை. தாமசு பாரி என்னும் வணிகர்தான் அங்கே நிற்கிறார். நல்லூரிலிருந்து சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியைத் தொகுத்த சுவாமி ஞானப்பிரகாசரின் மண்ணிலிருந்து வருபவர்கள் இவ்விடத்திற் கால் வழுக்கக்கூடாது. அப்பெரியார் சேர்ந்திருந்த அமலமரித் தியாகிகள் சபையே பிரான்சின் தெற்கில் 1816 இல் தோன்றியது. அச்சபையார் 1847 இல் இலங்கைக்கு வந்தனர். பிரெஞ்சுக் குருமார் பலர் யாழ்ப்பாணத்துக்கு வந்து தமிழ் படித்துத் தமிழிற் பிரசங்கம் செய்தார்கள். நம்மவர் அங்கே போவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கு முன் அவர்கள் இங்கே வந்திருந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டே நானும் அவர்கள் மண்ணில் நடந்தேன்.

அந்த நடையின் சுகத்தைச் சொல்லாமல் விடமுடியாது. பாரிசு கால்களுக்கு ஏற்ற நகரம். வழி தெரியாவிட்டாலும் சிறிது தூரத்திற் சுரங்கப் புகையிரதத்தின் படிக்கட்டு ஒன்று தென்படும். முதற்றடம் 1900 ஆடி மாதத்தில் ஓடத் தொடங்கியது. 'மெத்ரோ' என்று அவர்கள் செல்லமாய் அழைப்பது 'மெத்ரோபொலித்தேன்' என்பதன் குறுக்கம். அதன் கிரேக்க வேரில் 'மேத்தேர்' தாய், 'பொலிசு' நகர். தாய்நகர் என்பது பொருள். குறுக்கியபோது நகரம் உதிர்ந்து தாய் மட்டும் எஞ்சினாள். சென்னையிலும் இன்று அதே பெயரால் ஓடுகிறது. நிலத்தடியில் ஒருவர் தோளை ஒருவர் உரசிக்கொண்டு நிற்கும் காலை வேளையில், எல்லாரும் 'அம்மா' என்று சொல்லித்தான் வண்டி ஏறுகிறோம் என்று எண்ணிக்கொள்வேன்.

லாச்சப்பலுக்கு வரும் இரண்டாம் தடம் அவ்விடத்தில் நிலத்தின்மேல், இரும்புத் தூண்களின் மீது ஓடுகிறது. 1903 இல் திறந்த பழைய நிலையம். கீழே சந்தை இரைச்சல். தலைக்குமேல் வண்டி கடகடக்கும். அந்தத் தூண்கள் நிற்கும் அகன்ற வீதி 'பூல்வார்'. அதுவும் வேரிற் பிரெஞ்சன்று; அரண்மதிலைக் குறிக்கும் 'பொல்வேர்க்' என்னும் ஒல்லாந்தச் சொல்லின் திரிபு. மதிலை இடித்து அந்த இடத்தில் வீதி அமைத்தபோது மதிலின் பெயர் வீதிக்கு மிஞ்சிற்று. லாச்சப்பல் வீதியில் இச்சொல் அச்சொட்டாய்ப் பொருந்துகிறது: பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், நகருக்குள் வரும் பண்டங்களுக்கு ஆயம் தண்டுவதற்காகக் கட்டிய மதில் அங்கேதான் நின்றது. ஊர் இணைக்கப்பட்டபோது மதில் போயிற்று. அது நின்ற கோட்டின்மேல் இப்போது புகையிரதம் ஓடுகிறது. இருபுறமும் தமிழ்க் கடைகள். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் கட்டிய ஐங்கோணக் கோட்டையின் கொத்தளத்தில் நின்று கடற்காற்று வாங்கி வளர்ந்த எனக்கு, அதே ஒல்லாந்தரின் மதிற்சொல் அங்கே வீதியாய்ப் படுத்திருந்தது ஏதோ தெரிந்தவரைக் கண்டதுபோல இருந்தது.

லாக்கூர்நெவ்விலிருந்து வருவோர் இறங்குவது 'கார் து நோர்' என்னும் வடக்கு நிலையத்தில். கார் என்ற சொல்லை அகராதியில் தேடியபோதுதான் மகிழ்ந்தேன். புகையிரதம் பிறக்குமுன் அச்சொல் ஆற்றோரத்திற் படகுகள் ஒதுங்கி நிற்கும் இடத்தைக் குறித்தது. படகுக்கு உரியதைப் புகையிரதத்துக்குக் கொடுத்தார்கள். நமது வடபாதை முடியும் நிலையம் எது? காங்கேசன்துறை. அவர்களுடைய நிலையம் துறையாய் இருந்து நிலையமாயிற்று; எங்களுடையது துறைக்கே போய் நின்றது. இரண்டும் வடக்கு. 

அந்த நிலையத்தின் பக்கவாயிலால் வெளியேறினால் நாம் நிற்பது 'போபூர் சேன்தெனி' வீதி. புடைவைக் கடை, நகைக்கடை, பலசரக்குக் கடை, சிகையலங்காரக் கடை எல்லாம் தமிழ்ப் பெயர்ப்பலகையோடு வரிசையாய் நிற்கும் வீதி அது. பலகை ஒன்றின் கீழே முருங்கைக்காய்க் கட்டும் கறிவேப்பிலைப் பொதியும். பக்கத்தில் ஒடியல்மாப் பை. எடுத்து முகர்ந்து பார்த்தேன். பனங்கிழங்கு வெயிலிற் காயும் எங்கள் முற்றம் மணத்தது. போபூர் என்பது பழம்பிரெஞ்சில் 'போர்போர்' எனத் தொடங்கியது. 'போர்' புறம், அடுத்தது குடியிருப்பு. நகர்மதிலுக்கு வெளியே உள்ள ஊர். பின்வந்தோர் முதற்பகுதியின் பொருளை மறந்து 'போ', அஃதாவது பொய், என்று கொண்டு 'பொய்யூர்' என எழுதிவிட்டனர். நம்மிடம் அச்சொல்லுக்கு நேர்ச்சொல் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது: புறஞ்சேரி. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நுழையுமுன் தங்கிய இடம். ஊர்விட்டு வந்த ஒருவரும் தலைநகரின் நடுவில் முதலில் இறங்குவதில்லை. புறஞ்சேரியில்தான் மூட்டையை இறக்குகிறார்கள்.

பாரிசு இருபது 'அரோந்திஸ்மோன்' ஆகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நடுவிலிருந்து நத்தையின் ஓடுபோலச் சுழன்று விரியும் எண்கள். அச்சொல்லின் நடுவே இருப்பது 'ரோன்', வட்டம். வட்டமாக்கப்பட்டது என்பது பொருள். தமிழில் எப்படிச் சொல்வது? தீவகத்தார் பிறந்தநாள் முதற் சொல்லிவரும் சொல் ஒன்று உண்டே: வட்டாரம். வட்டம் என்பதன் வேரைப் பற்றி அறிஞரிடையே வழக்கு உண்டெனினும், இரு மொழியும் ஆட்சிப் பிரிவுக்கு வட்டத்தையே பெயராக்கின என்பதில் வழக்கில்லை. நாளிதழில் வரும் மரண அறிவித்தல்களைப் பாருங்கள். புங்குடுதீவு நாலாம் வட்டாரத்தைப் பிறப்பிடமாகவும் பாரிசை வதிவிடமாகவும் கொண்டவர் என்றிருக்கும். பாரிசிலும் அவர் ஒரு வட்டாரத்திலே தான் வாழ்ந்தார். லாச்சப்பலின் தமிழ்க் கடைகள் பெரும்பாலும் பத்தாம் வட்டாரத்தில். வீதியைக் கடந்தாற் பதினெட்டாம் வட்டாரம்.

இத்தனை சொற்களை வெளியே தேடிய பிறகு, சில சொற்கள் என்னோடு பெட்டியிலேயே வந்திருந்ததைக் கண்டேன். 2019 சித்திரையில் தீப்பற்றி எரிந்து, 2024 மார்கழியில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ர் தாம் பேராலயத்துக்குச் சென்றிருந்தோம். கல்லின் வெண்மையிற் கண் கூசிற்று. அதைக் 'கத்தேத்ரால்' என்கிறார்கள். ஆயர் அமரும் இருக்கை கிரேக்கத்திற் 'கத்தேத்ரா'. இருக்கை உள்ள ஆலயம் கத்தேத்ரால். அந்தச் சொல் இலத்தீன் வழியே போர்த்துக்கீசத்திற் 'கதேய்ரா'வாகி, பறங்கியரோடு கப்பலேறி வந்து, எங்கள் திண்ணையிற் கதிரையாய் அமர்ந்தது. தமிழகத்தார் நாற்காலி என்பர். கால்களை எண்ணி இட்ட நல்ல தமிழ்ப்பெயர். எனக்கோ கதிரைதான் வாயில் வரும். அவ்வளவு உயரத்து வளைவுகளின் கீழே ஒரு சாதாரண மரக்கதிரையில் அமர்ந்து, இந்த மாளிகைக்கே நான் அமர்ந்திருக்கும் பொருளின் பெயர் என்று எண்ணிப் பார்த்தேன்.

பாணும் அப்படியே. வெதுப்பகத்தில் அவர்கள் மூக்கால் ஒலிக்கும் 'பேன்', நம் பாண் இரண்டுக்கும் இலத்தீன் 'பானிசு' தாய். சப்பாத்துக்கும் பிரெஞ்சு 'சவாத்'துக்கும் உறவுண்டு. கந்தோரின் கதைதான் எல்லாவற்றிலும் சுவையானது. அலுவலகத்தை எங்கள் பாட்டன்மார் கந்தோர் என்றனர். ஒல்லாந்தரின் 'கந்தோர்' அது. ஒல்லாந்தர் அதைப் பிரெஞ்சின் 'கோந்துவார்' என்பதிலிருந்து பெற்றார்கள். காசு எண்ணும் பலகை. பாரிசுக் கோப்பிக்கடையில் முகப்பிலுள்ள நீண்ட பலகைக்கு இன்றும் அதுவே பெயர். அங்கே நின்றபடி கோப்பி குடித்தால் மேசையிற் குடிப்பதைவிட விலை குறைவு. நானும் கந்தோரில் நின்று குடித்தேன்.

பறங்கி என்ற சொல்லை இங்கே விட்டுவிட இயலாது. 1619 இல் நல்லூர் அரசைப் போர்த்துக்கீசர் கைப்பற்றினர். நாம் அவர்களைப் பறங்கியர் என்றோம். பிராங்கு என்னும் இனப்பெயரை அரபியரும் பாரசீகரும் மேற்கத்தியர் எல்லாருக்கும் பொதுவாக்கி வழங்க, அது தென்கடல் வந்து பறங்கியாயிற்று. பிரான்சு என்ற நாட்டுப் பெயரும் அந்தப் பிராங்கிலிருந்தே பிறந்தது. புனிதரின் போர்வையைக் காத்தவர்களும் அவர்களே. நாடு இழந்த நாளில் நாம் பகைவனுக்கு இட்ட பெயரின் வேரிலேயே, ஏறக்குறைய நாலு நூற்றாண்டு கழித்து, நம் பிள்ளைகள் அடைக்கலம் கேட்டு நின்றார்கள்.

அடைக்கலம் என்றதும் குறிப்பேட்டில் நான் நெடுநேரம் மூடாமல் வைத்திருந்த பக்கம் நினைவுக்கு வருகிறது. 'தப்பியோடு' என்பதற்குப் பிரெஞ்சில் 'எஷாப்பே'. அதை அவிழ்த்தால் முன்னே 'எக்சு', வெளியே; பின்னே கப்பா, போர்வை. துரத்துபவன் பின்னிருந்து பற்றியபோது போர்வையை அவன் கையிலேயே விட்டுவிட்டு ஓடுவது. ஆங்கிலத்தில் 'எஸ்கேப்' என்பதும் இதே சொல். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஓடிவந்த நம்மவர் போர்வையை மட்டுமா விட்டு வந்தார்கள்? காணி உறுதி, கிணற்றடி, தாய் தகப்பன், சிலருக்குப் பெயரும்கூட. என் மருமகன் வந்த கதையை அவன் சொல்லி முடித்ததில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு நாட்டின் எல்லையோடு நிறுத்திவிடுவான். போர்வையை விட்டு ஓடுவதும், பாதி தந்த போர்வையைப் பேணிய இடமும் ஒரே வேர். மொழிநூல் எத்தனையோ வேர்களைக் காட்டியிருக்கிறது. இந்த வேரின் முன் நான் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டேன்.

இனி லா ஷபெல்லைத் தமிழாக்கினால் எது பொருந்தும்? 'சிற்றாலயம்' சொல்லுக்குச் சொல் சரி, ஊர்ப்பெயராய் ஒட்டாது. மருமகனின் மனைவி ஒருநாள் கைபேசியிற் பேசியதைக் கேட்டபோதுதான் விடை கிடைத்தது. "எங்கையடி நிக்கிறாய்?" என்று மறுமுனை கேட்டிருக்க வேண்டும். "நான் கோயிலடியிலை நிக்கிறன், நீ கடைக்கு முன்னாலை வா" என்றாள். கோயிலடி! தேரடி, ஆலடி, பள்ளிக்கூடத்தடி, ஆசுபத்திரியடி என்று இடத்தை அடியாற் குறிப்பது யாழ்ப்பாணத்து வழக்கு. மரத்தின் அடியில் நிழல் இருப்பதுபோலக் கட்டடத்தின் அடியிலும் ஊர் இருக்கிறது என்னும் பார்வை அதில் உண்டு. ஒரு சிற்றாலயத்தின் அருகே எழுந்த ஊரை ஒரு யாழ்ப்பாணத்தவர் பெயரிட்டிருந்தால் வேறு எப்படி அழைத்திருப்பார்?

அவள் சொன்ன கோயில் மாணிக்க விநாயகர் ஆலயம். 1985 இல் தொடங்கப்பட்டு, லாச்சப்பல் வட்டாரத்திலேயே இன்றும் இருக்கிறது. ஆண்டுதோறும் பிள்ளையார் தேரேறி அந்த வீதிகளில் வலம் வருவார். கடை வாசலெங்கும் மஞ்சள் பூசிய தேங்காய்கள் குவியலாய்க் கிடக்கும். தேர் வந்ததும் சிதறு தேங்காய். பாரிசு நகரத் துப்புரவுத் தொழிலாளர் ஓரமாய் நின்று காத்திருப்பர். அன்று வீதியெங்கும் தேங்காய்நீர் மணம். கோயிலாற் பெயர் பெற்ற ஊருக்குப் புதிதாய் ஒரு கோயில் வந்தது. பெயரில் உறங்கிய பொருள் அதனால் எழுந்து உட்கார்ந்தது.

பயணத்தின் கடைசி வாரத்தில் இலண்டனிலுள்ள ஒன்றுவிட்ட தம்பி வீட்டுக்கும் போனேன். பாரிசிலிருந்து எங்களோடு வந்த மருமகனின் மூத்த பிள்ளை, பத்து வயது, சோற்றுக்கு முன் அமர்ந்தபடி தம்பியிடம் கேட்டான்:

"தாத்தா, இஞ்சை லாச்சப்பல் எங்கை?"

தம்பி ஒரு கணமும் தயங்கவில்லை. "உங்களுக்கு ஒரு லாச்சப்பல்தான். எங்களுக்கு ரெண்டு மூண்டு இருக்கு. கிட்டடியிலை ஈஸ்ற்ஹாம்."

ஒரேயொரு போர்வைக்கு உரிய அறையின் பெயர் எல்லாச் சிற்றாலயங்களுக்கும் பொதுவானதற்குச் சில நூற்றாண்டுகள் பிடித்தன. நான் சோற்றுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து குறிப்பேட்டை எடுத்து, முதற் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு எதிரே எழுதியிருந்த 'இடப்பெயர்' என்பதன் பக்கத்தில் 'பொதுப்பெயருமாம்' என்று சேர்த்தேன்.